குடிபெயர்ந்தவர் கூத்தும் புதுக்கலையும்

சிங்கப்பூரின் மேக்ஸ்வெல் உணவங்காடிக்குக் கடிதம் எழுத வேண்டுமானால், 'எண் 1, கடையநல்லூர் தெரு' என்றுதான் முகவரி போட வேண்டும். கோழிச் சோற்றுக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் பலருக்கு அந்தப் பெயரின் ஊர் தென்காசிக்கு வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையடியில் இருப்பது தெரியாது. பஞ்சமும் நெசவுத் தொழிலின் நசிவும் துரத்தியதில் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மற்ற ஊர் ஆண்கள் தனியாகப் போய்ச் சம்பாதித்துத் திரும்பிய காலத்தில் இவர்கள் பெண்டு பிள்ளைகளோடு போய்த் தஞ்சோங் பகாரில் குடியேறினார்கள். 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கினார்கள். 1946இல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள். பள்ளி 1982இல் மூடப்பட்டது. தெருப் பெயர் நிலைத்துவிட்டது.

அந்தத் தெருவிலிருந்து சில நிமிட நடையில் சீனர்களின் கிரேத்தா ஆயர் வட்டாரம். அங்கே ஸ்மித் தெருவைக் கான்டனீஸ்காரர்கள் நாடகக் கொட்டகைத் தெரு என்றே அழைத்தார்கள். 1887இல் எழுந்த லாய் சுன் யுவென் என்ற மூன்று மாடி நாடகக் கொட்டகை அங்கேதான் இருந்தது. தென்காசிச் சீமைக்காரர்களும் சீன இசைநாடகக்காரர்களும் அடுத்தடுத்த வீதிகளில் பிழைத்தவர்கள். அதனால் ஊரை விட்டுப் போனவர்கள் கையோடு கொண்டுபோன கூத்துக்கு என்ன ஆனது, இன்றைய கலைஞர்கள் அதைக் காப்பாற்றுகிறார்களா என்ற கேள்வியைச் சீன இசைநாடகத்திலிருந்து தொடங்குவது தென்காசிக்காரர்களுக்கு அவ்வளவு தூரத்துச் சங்கதி அல்ல.

சீனர்கள் கப்பல் ஏறிய இடமெல்லாம் இசைநாடகமும் போயிற்று. 1852இல் தங்கம் தேடிப் போனவர்களின் சான் பிரான்சிஸ்கோவில் நூறு பேருக்கு மேற்பட்ட கான்டனீஸ் நாடகக் குழு ஒன்று இறங்கி ஆடியது. ஹவானா, வான்கூவர், பாங்காக், பினாங்கு என்று பட்டியல் நீளும். தென்கிழக்காசியாவில் ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ் என்று பேச்சுமொழிக்கு ஒரு நாடக வகை இருந்தது. சிங்கப்பூரில் எல்லாவற்றுக்கும் சேர்த்து மலாய்க்காரர்களின் சொல்லையே எடுத்து 'வாயாங்' என்றார்கள்.

வாயாங் மனிதர்களுக்காக மட்டும் ஆடப்படுவதில்லை. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் நரகத்தின் கதவு திறந்து பசித்த ஆவிகள் வெளியே வரும் என்பது நம்பிக்கை. அவற்றுக்கு உணவு படைத்து, ஊதுவத்தி ஏற்றி, பொழுதுபோக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். கோயிலுக்கு எதிரே மரத்தாலும் தகரத்தாலும் மேடை போட்டு, சாமி பார்க்கும்படி நாடகம் நடக்கும். கீழே நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் நடிகர் முழு அரிதாரத்தோடு வசனத்தைச் சுருக்காமல் பாடியாக வேண்டும், ஏனென்றால் கூலி கொடுத்தவர் சாமி. நம் ஊரில் கொடை விழாவில் நள்ளிரவு தாண்டி நாலு கிழவிகள் மட்டும் உட்கார்ந்திருக்க, வில்லுப்பாட்டுக்காரர் கதையை நிறுத்தாமல் சொல்வாரே, அதே கணக்குதான்.

இந்தக் கணக்கு இருந்தவரை வாயாங்குக்கு ஆபத்து இல்லை. ஆபத்து மொழியின் வழியாக வந்தது. 1979இல் சிங்கப்பூர் அரசு 'மாண்டரின் பேசுவோம்' இயக்கத்தைத் தொடங்கியது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ் நிகழ்ச்சிகள் படிப்படியாக நின்றன. பாட்டியும் பேத்தியும் ஒரே வீட்டில் இருந்தும் பேசிக்கொள்ள மொழி இல்லாத நிலை வந்தபோது, பேத்திக்கு வாயாங் வெறும் சத்தமாகிவிட்டது. அதே காலத்தில் பழைய குடியிருப்புகளைக் காலி செய்து மக்களை வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். தஞ்சோங் பகார் கடையநல்லூர்க்காரர்களும் அப்படித்தான் சிதறினார்கள். ஒரு தெருவுக்கு ஒரு கோயில், ஒரு கோயிலுக்கு ஒரு மேடை என்ற அமைப்பு கலைந்தது. மிச்சமிருந்த ஏழாம் மாத மேடைகளில் பெரும்பகுதியைக் கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி பிடித்துக்கொண்டது. மினுக்கு உடை, மின்விளக்கு, சினிமா மெட்டு. அங்கேயும் முன்வரிசை ஆவிகளுக்காகக் காலியாக விடப்படுகிறது. ஆவிகளும் காலத்துக்கேற்ப ரசனையை மாற்றிக்கொண்டன என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதுக்கலை என்று நாம் சொல்கிற நவீன நாடகம், காணொளிக் கலை, அருங்காட்சியகம், ஆவணப்படம் ஆகியவை இதற்குப் பிறகு வந்து சேர்ந்தவை. இவற்றைப் பாதுகாப்பு என்ற ஒரே பெயரில் அடைப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கூத்தைக் காப்பது என்றால் அதைப் பாடத் தெரிந்த ஒரு தொண்டையை அடுத்த தலைமுறையில் உண்டாக்குவது. முகப்பூச்சையும் நீள்கையுடையையும் தலைக்கவசத்தையும் படமெடுத்துச் சுவரில் மாட்டுவது வேறு வேலை. நல்ல வேலையாகவும் இருக்கலாம், ஆனால் வேறு.

மிங் வோங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் சிங்கப்பூரில் பிறந்து பெர்லினில் வசிப்பவர். 2009 வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவில் சிங்கப்பூர்க் கூடத்துக்காகச் சிறப்புக் குறிப்புப் பெற்றவர். பிற்பாடு கான்டனீஸ் இசைநாடகத் திரைப்படங்களையும் சீன அறிவியல் புனைகதைகளையும் முடிச்சுப் போட்டு விண்கலத்துக்குள் நடக்கும் காணொளிப் படைப்புகள் செய்தார். வானுலகத் தேவதைகள் பறந்த மேடையிலிருந்து விண்வெளி வீரர் பறக்கும் திரைக்கு ஒரு கோடு இழுக்கிறார். அருமையான கற்பனை. கான்டனீஸ் பாட்டு தெரியாதவரையும் அது இழுத்து நிறுத்தும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர் கான்டனீஸ் பாட்டு தெரியாதவராகவேதான் வருகிறார். மிங் வோங் அதைக் கற்றுத்தருவதாகச் சொல்லவும் இல்லை. நாம்தான் 'பாரம்பரியப் பாதுகாப்பு' என்ற சுமையை அவர் தலையில் ஏற்றிவைக்கிறோம்.

கோ பூன் டெக்கின் 'தித்தோதாவ்' நாடகம் இதைவிட நெருங்கி வருகிறது. டாய் ஃபேக்டரி நாடகக் குழு 1994இல் மேடையேற்றிய இந்தப் படைப்பு, நாடகாசிரியரின் தாயாரான ஹொக்கியன் வாயாங் நடிகை ஊன் ஆ சியாமின் வாழ்க்கை. நவீன நாடகத்துக்குள் வாயாங் காட்சிகள் வருவதால், நகரத்து இளம் நடிகர்கள் அந்த நடையையும் கைவீச்சையும் பயின்றாக வேண்டும். பல முறை மேடையேறி, 2020இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. வாயாங்குக்காரி என்றால் கூத்தாடி என்று ஒதுக்கிய சமூகம் அவளைக் கதாநாயகியாக்கிப் பார்த்தது. இது சின்ன லாபம் அல்ல. நம் ஊர்ச் 'ஸ்பெஷல் நாடக' நடிகைகளின் வாழ்க்கையை நினைத்துப் பார்த்தால் இதன் எடை தெரியும்.

நேரடியாகப் பயிற்சியில் இறங்கியவர்களும் உண்டு. தியோச்சியூ இசைக்கும் நாடகத்துக்குமான எர் வூ சங்கம் 1912 முதல் சிங்கப்பூரில் இயங்குகிறது. ஜோனா வோங் 1981இல் சைனீஸ் தியேட்டர் சர்க்கிளைத் தொடங்கி, ஸ்மித் தெருவிலேயே தேநீர் விடுதி வைத்து, சாப்பாட்டோடு கான்டனீஸ் நாடகத் துண்டுகளையும் விளக்கத்தையும் பரிமாறினார். சுற்றுலாக்காரருக்குச் சுருக்கிக் கொடுக்கிறார்கள் என்று பழமைவாதிகள் முகம் சுளிக்கலாம். ஆனாலும் அந்த அரைமணித் துண்டுக்கும் ஒருவர் பாடிப் பழகத்தான் வேண்டியிருந்தது.

வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து மானுடவியல் அருங்காட்சியகத்தில் ஜின் வா சிங் என்ற குழு விட்டுச்சென்ற கான்டனீஸ் நாடக உடைகள் பத்திரமாக இருக்கின்றன. துணியைப் பாதுகாப்பது எளிது, அதற்குப் பசிக்காது.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஹவானாவுடையது. காரிதாத் அமரான் என்ற பெண் பிறப்பால் சீனர் அல்ல. அவரை வளர்த்த ஜூலியான் ஃபோங் கான்டனீஸ் நாடகப் பித்துக்கொண்டவர். வளர்ப்பு மகளுக்கு அந்தப் பாட்டைக் கற்றுக்கொடுத்தார். சிறுமியாக இருந்தபோது, சீனத் தந்தைக்குப் பிறந்த ஜியார்ஜினா வோங்கோடு சேர்ந்து 1940களில் கியூபாவின் சைனா டவுன் மேடைகளில் பாடினார். பிறகு புரட்சி வந்தது, சீனர்கள் குறைந்தார்கள், மேடை போயிற்று. எஸ். லூயிசா வெய் இயக்கிய 'ஹவானா டிவாஸ்' என்ற ஆவணப்படம் இந்த இரண்டு மூதாட்டிகளையும் உலகத்துக்குக் காட்டியது. முதுமையில் சீனாவுக்குப் போய் அதே பாட்டைப் பாடினார்கள். இங்கே கலையைக் கடத்தியது ரத்த உறவு அல்ல. ஒரு வளர்ப்புத் தந்தையின் பொறுமை. புதுக்கலையின் பங்கு, அதாவது திரைப்படத்தின் பங்கு, கடைசியில் வந்து சாட்சி சொன்னது மட்டுமே.

தமிழருக்கு வருவோம். ஹவானாவுக்கு இணையான கதை நம்மிடம் இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் இருக்கிறது. 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்கள் தெருக்கூத்தையும் கொண்டுபோனார்கள். அங்கே அதற்குப் பிரெஞ்சில் 'பால் தமூல்' என்று பெயர். தமிழர் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். வாத்தியார் கதையைப் பாடி நடத்த, பாண்டவர் கதையும் பிற புராணங்களும் இரவெல்லாம் நடக்கும். தமிழ் எழுத்து மறந்துபோன தலைமுறையில் பாட்டை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடினார்கள். பொருள் முழுவதும் விளங்காமலே ராகமும் தாளமும் நேர்ச்சையும் தலைமுறை தாண்டின. மொழி செத்தால் கூத்து சாகும் என்ற நம் சூத்திரம் ரீயூனியனில் முழுசாகப் பலிக்கவில்லை. வேண்டுதல் உயிரோடு இருந்ததால் கூத்தும் தப்பியது. சிங்கப்பூரிலோ வேண்டுதல் கெத்தாயைக் கட்டிக்கொண்டது.

இலங்கை மலையகத்தில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் போனவர்கள் காமன் கூத்தையும் அர்ச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் அங்கே ஊன்றினார்கள். மாசி மாதம் காமன் பொட்டலில் கம்பம் நடுவார்கள். ரதியும் மன்மதனும் ஆண்கள். நேர்ந்துகொண்டு விரதமிருந்து வேடம் கட்டுபவர்கள். தப்பு முழங்க, தோட்டக் குடியிருப்புகளான லயங்கள்தோறும் போய் ஆடி, கடைசி இரவில் சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரிப்பார், ரதி ஒப்பாரி வைப்பாள். ஒப்பாரி தொடங்கியதும் அது நடிப்பா, யாருடைய சொந்தத் துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தோட்டத்தில் ஒவ்வொரு வீடும் காசு போட்டு நடத்தும் விழா இது. கலைமன்றம் எதுவும் கேட்டு நடப்பதில்லை. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டதால் வேடக்காரர் கிடைப்பதுதான் சிக்கல். 2023இல் 'மலையகம் 200' என்று வருகையின் இருநூறாண்டைக் குறித்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். மலையகத்திலிருந்து வந்த இளம் ஓவியர்கள் தேயிலைச் சாயத்தையும் வடிகட்டியையும் லயத்து அறையையும் கண்காட்சிகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது, வேலை நேர்த்தியானது. ஆனால் காமன் பொட்டலுக்கும் கொழும்புக் காட்சிக்கூடத்துக்கும் இடையே இன்னும் பாலம் போடப்படவில்லை.

பாலம் போட்டுப் பார்த்த அனுபவம் ஈழத்தில் மட்டக்களப்புக் கூத்துக்கு உண்டு. அது குடிபெயர்ந்தோர் கூத்து இல்லையென்றாலும் இந்தக் கேள்விக்கு நல்ல பாடம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', அடுத்து 'இராவணேசன்', 1967இல் 'வாலி வதை' என்று வடமோடி, தென்மோடி எனும் இரு பாணிக் கூத்துகளை மேடைக்குக் கொண்டுவந்தார். 'இராவணேச'னில் மாணவர் சி. மௌனகுருவின் பங்கு பெரிது. விடிய விடிய வட்டக் களரியில் ஆடியது ஒன்றிரண்டு மணி நேரமாகச் சுருங்கி, படச்சட்ட மேடைக்குள் வந்தது. படித்த தமிழர் கூத்தை மதிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பின்னாளில் சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' குழுவினரும் இதை எதிர்த்துக் கேள்வி கேட்டார்கள்: கூத்தைக் கிராமத்திலிருந்து எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தால் கிராமத்துக்கு என்ன மிஞ்சும்? அவர்கள் சீலாமுனையில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து, களரியைக் களரியாகவே வைத்து, கதையில் சாதி, பெண் பற்றிய பகுதிகளை ஊராரே விவாதித்து மாற்றினார்கள். கூத்து மீளுருவாக்கம் என்று அதற்குப் பெயர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் என் அளவுகோலில் சீலாமுனைக்கே கூடுதல் மதிப்பெண். அங்கே நவீன சிந்தனை கூத்து ஆசானான அண்ணாவியார் வீட்டுத் திண்ணைக்குப் போனது. அண்ணாவியாரை மண்டபத்துக்கு வரச் சொல்லவில்லை.

இனி தென்காசிச் சீமைக்கே திரும்பினால், நாம் வெளியே அனுப்பியவர்கள் மட்டுமல்ல, இங்கே வந்து சேர்ந்தவர்களும் கூத்தோடு வந்திருக்கிறார்கள். தோல்பாவைக்கூத்துக் குடும்பங்கள் வீட்டில் மராத்தி பேசுகிறவை. தஞ்சை மராட்டியர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் இந்த மண்டிகர்கள் தெற்கே நாஞ்சில் நாடு, நெல்லைச் சீமை வரை ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் பிழைத்தார்கள். அ.கா. பெருமாளின் கள ஆய்வும் மு. ராமசாமியின் முனைவர் பட்ட ஆய்வும் இல்லையென்றால் இவர்களைப் பற்றி நமக்கு எழுத்தில் தெரிந்தது மிகக் குறைவாகவே இருந்திருக்கும்.

ஒரு குடும்பமே ஒரு குழு. வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, உள்ளே ஒரு விளக்கு. ஆட்டுத்தோலில் வெட்டி, துளையிட்டு, சாயம் ஏற்றிய பாவைகளை மனைவியோ மகனோ வரிசை தப்பாமல் எடுத்துக் கொடுக்க, தலைமைக் கலைஞர் அவற்றைத் துணியோடு ஒட்டிப் பிடித்து ஆட்டுவார். இராமன் குரலும் சூர்ப்பனகை குரலும் அனுமன் குரலும் அவர் தொண்டையிலிருந்துதான் வர வேண்டும். கால் மரக்கட்டையை மிதித்துப் போர்க்களத்துச் சத்தம் எழுப்பும். வீட்டில் மராத்தி, திரைக்குப் பின்னால் நாஞ்சில் வட்டாரத் தமிழ். இடையில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிட்டால் இராமாயணம் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கும். அந்த ஊர்த் தலையாரி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் கிண்டல் உண்டு. இராமாயணம் பத்து இரவு. பட்டாபிஷேகத்தன்று மழை பெய்யும் என்ற நம்பிக்கை இருந்ததால், வறண்ட ஆண்டில் ஊரே கூடிக் கூத்து வைக்கும். வாயாங்குக்கு ஆவிகள், காமன் கூத்துக்கு நேர்ச்சை, இதற்கு மழை.

சினிமாவும் தொலைக்காட்சியும் வந்த பிறகு பத்து இரவு போயிற்று. எய்ட்ஸ் விழிப்புணர்வு, மரம் நடுதல், வாக்களிப்பின் அவசியம் என்று அரசுத் துறைகள் கொடுத்த அரைமணித் துண்டுகள் மிஞ்சின. வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்குத் தோல்பாவை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் அனுமன் அழகாகத்தான் இருக்கிறார். ஓவியமாக விற்கும்போது கலைஞருக்குக் காசு வருகிறது, சந்தோஷம்தான், ஆனால் அனுமனின் குரல் சட்டத்துக்குள் வராது. அப்பாவின் எல்லாக் குரல்களையும் பிடித்துக்கொண்ட பையன் அடுத்து இருக்கிறானா என்பதை எந்த வாங்குபவரும் கேட்பதில்லை.

குற்றாலம் இதில் சொல்லித்தரும் சங்கதி ஒன்று உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய குற்றாலக் குறவஞ்சி ஊர் சுற்றும் குறத்தியைக் கதைத்தலைவிக்குச் சமமாக நிறுத்திய இசைநாடகம். 1944இல் ருக்மிணி தேவி அதைக் கலாக்ஷேத்திராவின் நாட்டிய நாடகமாக்கினார். வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். அந்தக் காலத்து அளவில் அது முழுக்க முழுக்கப் புதுக்கலை. கவிராயர் நூல் புத்தக அலமாரியிலிருந்து இறங்கி மேடையில் நடந்தது, இன்றும் நடக்கிறது. மறுபக்கம், குறவஞ்சிகளைக் கோயில்களில் ஆடிவந்த பெண்கள் 1947 தேவதாசி ஒழிப்புச் சட்டத்தோடு அந்தத் தொழிலிலிருந்தே விலகினார்கள். சட்டம் வேண்டியதுதான், அதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம். ஆயினும் படைப்பு தப்பியது, ஆடிய குடும்பங்கள் தப்பவில்லை என்பதைக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். ஒரு கலையின் வெற்றிக் கதைக்குள்ளேயே இப்படி இன்னொரு பக்கம் மடிந்து கிடக்கிறது.

படைப்பும் ஆடிய குடும்பமும் ஒன்றாகத் தப்பிய இடம் புரிசை. கண்ணப்ப தம்பிரான் குடும்பத்துத் தெருக்கூத்தோடு ந. முத்துசாமியும் அவருடைய கூத்துப்பட்டறை நவீன நாடகக் குழுவும் பழகியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பாரீஸின் தியாத்ர து சொலெய் குழு 2016இல் அரங்கேற்றிய 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்துக்காகப் புரிசை சம்பந்த தம்பிரான் பல நாட்டு நடிகர்களுக்குத் தெருக்கூத்து கற்றுக்கொடுத்தார். தமிழ் தெரியாதவர்கள் தமிழில் பாடி மகாபாரதக் காட்சி ஆடினார்கள். அங்கே கூத்துக்காரர் காட்சிப் பொருளாகப் போகவில்லை, வாத்தியாராகப் போனார். சம்பளமும் மரியாதையும் அந்த வேலைக்கு வந்தன. ஊரில் கூத்தும் நடந்துகொண்டே இருந்தது.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் அரசு நடத்தும் விழா மேடையில் கிராமியக் கலைகளுக்கு இடம் உண்டு. அருவியில் குளித்து ஈரத் தலையோடு வருகிற கூட்டம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அல்வாக் கடைக்கு நகரும். அந்தக் கூட்டத்துக்கு அது போதும். கலைஞருக்குப் போதாது. ஒரு தோல்பாவைக் குடும்பத்தை விழாவுக்கு அழைக்கும் அதே செலவுக் கணக்கில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பத்து இரவுக் கூத்துக்கும், குரல் பழக விரும்பும் இரண்டு பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகைக்கும் ஒரு வரி சேர்க்கலாம். பிள்ளைகள் மராத்தி வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஹவானாவில் அப்படி இருக்கவில்லை. ஓவியர்களையும் காணொளிக் கலைஞர்களையும் நவீன நாடகக்காரர்களையும் அந்தப் பத்து இரவுக்கு வரவழைத்து, வேட்டித் திரைக்குப் பின்பக்கம் உட்கார வைக்கலாம். அவர்கள் அங்கிருந்து என்ன செய்துகொண்டு போனாலும் அது அவர்கள் பாடு.